ஏட்டின் மேல்தோல்

சித்திரை வெயிலில் கிண்டிக் காட்டுக் களாச்செடியின் இலையைத் தொட்டுப் பார்த்தால் தோல் மாதிரி தடித்திருக்கும். எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். சென்னையின் மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த ஈரத்தைச் சிக்கனமாகச் செலவழித்து, இலை உதிராமல் கோடையைத் தாண்டுவதுதான் சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டுக்கு வழக்கம். அந்தச் சிக்கனத்துக்குக் கைகொடுப்பது இலையின்மேல் படர்ந்திருக்கும் மெழுகுத்தோல்.

இந்தக் காட்டை அரசு விலைக்கு வாங்கியது 1821-ல். 1910-ல் காப்புக்காடானபோது பரப்பு 505 ஹெக்டேர். ஐஐடிக்கும் தலைவர்களின் நினைவிடங்களுக்கும் பங்கு பிரிந்துபோய், 1978-ல் தேசியப் பூங்காவானபோது மிஞ்சியது 270 ஹெக்டேர் சொச்சம்.

பனையும் இந்தக் கரையின் பிள்ளைதான். பழந்தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்ததற்குப் புலவரையும் புரவலரையும் போற்றுகிறோம், ஏடு தேடி அலைந்தவரையும் போற்றுகிறோம். அந்த நூல்களைத் தாங்கிய பனையோலையின் மேல்தோலை யாரும் கண்டுகொள்வதில்லை.

அந்தத் தோலை நெய்வது இலையின் வெளிவரிசைச் செல்கள் மட்டுமே. 16, 18 கார்பன் அணுக்கள் கொண்ட கொழுப்பு அமிலங்களைக் கணிகத்துக்குள் உண்டாக்கி, அவற்றில் ஒரு பகுதியைச் செல்சுவருக்கு வெளியே அனுப்புகின்றன. அங்கே அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ‘கியூட்டின்’ என்ற வலையாகின்றன. இன்னொரு பகுதி உள்ளேயே இன்னும் நீளச் சங்கிலிகளாக வளர்ந்து மெழுகாகி வெளியேறுகிறது; வலையின் கண்களை அடைத்து, மேலேயும் படிகிறது. எருக்க இலையைத் தேய்த்தால் விரலில் ஒட்டும் வெண்பொடியில் இந்த மெழுகும் உண்டு. வறட்சி கூடினால் செடி மெழுகையும் கூட்டிக்கொள்ளும்.

இந்தத் தோல் எவ்வளவு உறுதியானது என்பதை 1830-களில் பாரிஸில் தாவரவியலாளர் அடோல்ஃப் பிரான்யார் முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கண்டார். தண்ணீரில் ஊறப்போட்டதில் சதையெல்லாம் அழுகிப்போனது. கண்ணாடித்தாள் போன்ற ஒரு படலம் மட்டும் முழுசாக மிஞ்சியது.

ஏடு செய்தவர்களுக்கு அந்தப் படலத்தின் பெயர் தெரியாது, குணம் தெரியும். ஓலையை ஈர்க்கு நீக்கி, வேகவைத்து, உலர்த்தி, வழவழப்பாகும்வரை தேய்த்தார்கள். மெழுகு சற்று இளகினாலும் கியூட்டின் வெந்நீருக்குக் கரைவதில்லை. அதன்மேல் தூரிகையால் எழுதினால் மை எளிதில் பிடிக்காது. ஆகவே எழுத்தாணி வந்தது. அது தோலைக் கீறி உள்நாரைத் திறந்துவிடும். பிறகு நடப்பது மையாடல். விளக்குக்கரியையும் கோவை அல்லது ஊமத்தை இலைச்சாற்றையும் குழைத்து ஏடு முழுக்கப் பூசித் துடைத்தால், தோல் இருக்கும் இடத்தில் கரி வழித்துக்கொண்டு வந்துவிடும். கீறிய பள்ளத்தில் மட்டும் தங்கி, எழுத்து கறுப்பாக எழும்பும். எந்த மரம் தண்ணீரைக் காக்கத் தோலை வளர்த்ததோ, அதன் தோலே எழுத்துக்கும் வெற்றிடத்துக்கும் எல்லை போட்டுக் கொடுத்தது. (நேர்கோடு ஓலையைக் கிழிக்கும் என்பதால்தான் தமிழ் எழுத்து வளைந்தது என்பார்கள். அது பாதிக்கதை, க-வும் ட-வும் இன்றும் கோட்டோடுதான் நிற்கின்றன.)

கிண்டிக் காடு கைமாறிய அதே 1821-ல் காலின் மெக்கன்சி இறந்தார். நிலம் அளந்தவர், போன இடமெல்லாம் ஏடுகளைச் சேர்த்தவர். அவருடைய தொகுப்பின் ஒரு பங்கு சென்னைக்குத் திரும்பி வந்து, 1869-ல் தொடங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு அடித்தளமாயிற்று. கடற்கரைச் சாலையில் நெடுங்காலம் இருந்த அந்தச் சுவடிகள் இப்போது கிண்டிக் காட்டுக்குப் பக்கத்திலேயே, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இருக்கின்றன. 1886-ல் தொடங்கிய அடையாறு நூலகமும், 1943-ல் உருவாகி இன்று பெசன்ட் நகரில் இயங்கும் உ.வே.சா. நூலகமும் தூரமில்லை.

ஆனால் மெழுகுத்தோல் தண்ணீரைத் தடுக்குமே ஒழிய, ஏட்டுப்பூச்சியைத் தடுக்காது. பழைய ஏடு காய்ந்து நொறுங்கவும் செய்யும். அதனால் சுவடிக் காப்பாளர்கள் தூசு தட்டி, பஞ்சில் எலுமிச்சைப்புல் எண்ணெய் தொட்டு இரு பக்கமும் தடவுகிறார்கள். ஓலை மறுபடி வளைந்துகொடுக்கிறது, வாசனைக்குப் பூச்சியும் ஒதுங்குகிறது. மை உதிர்ந்து வெறும் ஓலையாகத் தெரியும் ஏடுகளும் உண்டு. அவற்றின்மேல் கரிக்குழம்பைத் தேய்த்துத் துடைத்தால், யாரோ எப்போதோ கீறிய வரி ஒவ்வொன்றாக மேலே வருகிறது.