பாதிக் கதையின் பார்வையாளர்: லோகேஷின் திரையுலகமும் திருகோணமலைப் பழக்கமும்

‘விக்ரம்’ 2022 ஜூன் 3 இல் திரைக்கு வந்தது. அதற்கு முந்தின நாள் இயக்குநர் லோகேஷ் கனகராஜ் ரசிகர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்: இந்த உலகத்துக்குள் வருமுன் ‘கைதி’யை மறுபடி ஒருதரம் பார்த்துவிட்டு வாருங்கள். கைதியை எடுத்தது வேறு நிறுவனம், நாயகன் வேறு ஆள், படம் வெளியாகி இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. தன் படம் வெளியாகும் முந்தின இரவில் இன்னொரு நாயகனின் பழைய படத்துக்கு ஆள் சேர்ப்பது தமிழ் சினிமா வியாபாரத்தில் வழமையான சங்கதியே இல்லை.

அந்த வேண்டுகோளுக்குள் ரசிகரைப் பற்றிய ஒரு கோட்பாடு ஒளிந்திருக்கிறது. பல நாயகர்கள் ஒரே கதைவெளியில் சந்திக்கும் நீண்ட நிகழ்வொன்று பாதியில் நிற்கும்போது ரசிகர் என்ன செய்கிறார்? அடுத்தது என்ன என்று ஊகிக்கிறார், பொறுமை இழக்கிறார் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விடை. முன்னோட்டங்களை வெட்டுவோரும் அதை நம்பியே வெட்டுகிறார்கள். இக்கட்டுரை வேறொன்றை வாதிடுகிறது. பாதியில் நிற்கும் ரசிகரின் முதல் வேலை பின்னோக்கியது. ஏற்கெனவே கண்டதைத் திரும்ப எடுத்து, புதிதாகக் கிடைத்த துண்டை வைத்து அதன் கணக்கைத் திருத்தி எழுதுகிறார். ஊகம் அந்த வேலையின் மிச்சத்தில் பிறப்பது. கதைகள் ஒழுங்கு தப்பி வந்துசேர்ந்த ஊர்களில் இந்தப் பழக்கத்துக்கு லோகேஷைவிட வயது அதிகம். அத்தகைய ஊர்களில் ஒன்று திருகோணமலை.

அமெரிக்கக் காமிக்ஸில் இத்தகைய கூட்டு நிகழ்வுகளுக்கு நாற்பது வருடப் பழக்கம் உண்டு. மார்வெலின் ‘சீக்ரெட் வார்ஸ்’ 1984 இல் தொடங்கியது. அடுத்த வருடம் டிசியின் ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’. இங்கே பொருந்திவரும் உதாரணம் 2006 இன் ‘சிவில் வார்’. மார்க் மில்லர் எழுதி ஸ்டீவ் மெக்னிவன் வரைந்த ஏழு இதழ்த் தொடர் அது. நாலாம் இதழ் சொன்ன காலத்தில் வரவில்லை. அதோடு பிணைந்த வேறு தொடர்களும் தள்ளிப்போயின. ஒருவழியாக வந்த இதழில் தோரின் நகலுரு கோலியாத்தைக் கொன்றது. யார் வெல்வார் என்பதைக் காட்டிலும், அந்த நகலுருவை உருவாக்கிய டோனி ஸ்டார்க்கும் ரீட் ரிச்சர்ட்ஸும் இப்படி நடக்கக்கூடியவர்களா என்பதில்தான் வாசகர் சண்டை சூடு பிடித்தது. 1960களின் இதழ்கள் வரை சாட்சிக்கு இழுக்கப்பட்டன.

தொடர்கதையின் இடைவெளியை வாசகர் தம் கற்பனையால் நிரப்புகிறார் என்று வாசிப்புக் கோட்பாட்டாளர் வோல்ஃப்காங் ஈஸர் எழுதினார். இந்தியப் படங்களின் இடைவேளையும் பாட்டும் கதையோட்டத்துக்கு வந்த தடைகள் அல்ல, அந்த வடிவத்தின் எலும்புகளே என்று 2002 இல் வெளிவந்த தன் நூலில் திரைப்பட ஆய்வாளர் லலிதா கோபாலன் காட்டினார். இரண்டையும் சேர்த்து வைத்தால் தமிழ்ப் பார்வையாளரின் நிலை ஓரளவு தெளிகிறது: பாதியில் எழுந்து வெளியே போய், தேத்தண்ணியோடு நின்று, கண்ட பாதிக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே திரும்புவது அவருக்குப் பழகிய காரியம். ‘விக்ரம்’ இதை நன்றாகவே அறிந்த படம். செத்துப்போனதாக நாம் நம்பிய கர்ணன்தான் விக்ரம் என்ற செய்தியை இடைவேளைக்கென்றே அது ஒதுக்கி வைத்திருக்கிறது. வெளியே நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில் பார்வையாளர் மனசுக்குள் முதல் பாதியை மறுபடி ஓட்டிப்பார்க்காமல் இருக்க முடியாது. ஈஸர் சொன்ன நிரப்புதல் இங்கே எதிர்காலத்தை விட்டு இறந்தகாலத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது.

இனித் திருகோணமலை. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கியபின் வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதி அதன் கைக்குப் போனது. சென்னையில் ஓடி ஓய்ந்த படங்கள் வருடங்கள் கழித்து இலங்கைத் திரைக்கு வந்தன. அதே காலத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் வரவுக்கும் கட்டுப்பாடு விழுந்தது. உள்ளூர் எழுத்துக்கு அது உரமானது என்று இலக்கிய வரலாறுகள் சொல்கின்றன, சரிதான். தொடர்கதையைப் பாதியில் விட்ட வாசகருக்கு அந்த ஆறுதல் எந்தளவு போதியிருக்கும் என்பது வேறு கேள்வி. பிறகு யுத்தம். ஊரடங்கும் மூடிய வீதிகளும் படக்காட்சியின் நேரத்தையே தீர்மானித்தன. புவியியலும் தன் பங்குக்கு இடைமறித்தது. மூதூரிலிருந்து நகரத்துக்கு வருபவர் கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடக்க வேண்டியிருந்தது. தரைவழி என்றால் ஒன்றன்பின் ஒன்றாக மிதவைப் பாதைகள். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 இல். மட்டக்களப்பு வீதியின் மற்றத் துறைகளுக்கும் 2011 க்குள் பாலங்கள் வந்தன. அதுவரை, குடாவுக்கு அந்தப் பக்கத்து ரசிகருக்குப் படத்தின் முடிவைவிட லோஞ்சின் நேரம் முக்கியமாக இருந்தது.

இந்த நெருக்கடியைப் பேறாக ஆக்கிக் காட்டுவது அநியாயம். ஆனால் அதில் ஒரு திறமை பழகியது என்பதை மறுக்கவும் முடியாது. மூன்றாம் பாகம் முதலில் கைக்கு வரும், முதலாம் பாகம் எப்போதாவது யாரோ இரவல் தருவார்கள் என்ற நிலையில் வாசிப்பவர், ஒவ்வொரு துண்டும் வந்தபின் முன்பு வாசித்ததை மனசில் இடம் மாற்றி அடுக்கியே ஆகவேண்டும். தூரத்து வாசகர் வாய் பொத்தியிருந்தவரும் அல்லர். 1959 இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபின், இருபது வயதை எட்டியிருந்த தருமு சிவராமு, பின்னாளின் பிரமிள், திருகோணமலையிலிருந்தபடியே அதில் எழுதத் தொடங்கினார். கடலுக்கு அக்கரையில் ஓடிக்கொண்டிருந்த விவாதத்தின் நடுவில் குதித்து, போகப்போக அதன் திசையையே மாற்றியவர் அவர். அதற்கும் வெகு முன்பே, அக்கரைக் கதையைச் சொன்ன திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895 இல் வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவலாக எண்ணப்படுவது அதுவே. அக்கரை நாயகர்களோடு இந்த ஊருக்கு உள்ள உறவு சினிமாவுக்கு வெகுகாலம் முந்தியது.

சிவகாசியிலிருந்து வந்த காமிக்ஸ் இந்தப் பழக்கத்தின் நல்ல பரிசோதனைக்கூடம். 1972 இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது, 1984 இல் லயன் காமிக்ஸ் வந்து ஸ்பைடரையும் ரோபோ ஆர்ச்சியையும் வீடுவீடாகக் கொண்டுபோனது. இவர்கள் பிரிட்டிஷ் வார இதழ்களின் பிள்ளைகள். மாயாவி 1962 இல் ‘வேலியண்ட்’டில் பிறந்தவர். பிரிட்டிஷ் ‘லயன்’ இதழில் 1965 இல் தோன்றிய ஸ்பைடரின் கதைகளைச் சில காலம் எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். அந்த ‘லயன்’ 1974 இலும் ‘வேலியண்ட்’ 1976 இலும் மூச்சை விட்டன. சொந்த நாட்டில் வயதானவர்களின் ஞாபகமாக மட்டும் மிஞ்சிய நாயகர்கள் தமிழில் நடப்பு நாயகர்களாக இருந்தார்கள்.

அவர்கள் எல்லோரும் ஒரே கதையில் சந்தித்தது 2005 இல். ஆலன் மூர் கதை அமைக்க, லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய ‘அல்பியன்’ ஆறு இதழ்த் தொடர். முடிய 2006 கடைசி வரை இழுத்தது. பழைய நாயகர்களை அரசு ஸ்காட்லாந்தில் ஒரு இரகசியச் சிறையில் அடைத்து, அவர்கள் வெறும் காமிக்ஸ் பாத்திரங்களே என்று உலகத்தை நம்பவைத்திருக்கிறது என்பது கதை. மறந்துபோனவர்களுக்கு ஞாபகமூட்டும் கதை அது. சிவகாசிப் பதிப்புகளில் வளர்ந்த வாசகர் மறந்தால்தானே ஞாபகமூட்ட! அவருக்கு இந்தக் கூட்டுக்கதை, தன்னிடம் துண்டுதுண்டாக இருந்தவற்றை ஒரே சட்டத்துக்குள் அடுக்கிப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு. ஒரே நிகழ்வு, இரு வாசகர் கூட்டம், இரு வேறு வேலைகள். எதிர்வினையைத் தீர்மானிப்பது கதையின் முடிச்சைவிட, வாசகர் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் சரக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

லோகேஷின் படங்களில் இது எப்படி நடக்கிறது என்பதை நெப்போலியனை வைத்துப் பார்க்கலாம். ‘கைதி’யில் ஜார்ஜ் மரியான் நடித்த கான்ஸ்டபிள் அவர். புதிதாக மாற்றலாகி வந்த இடத்தில், ஒரே இரவில், அகப்பட்ட கல்லூரிப் பிள்ளைகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு திருச்சி கமிஷனர் அலுவலகத்தின் கதவுகளை அடைத்துக் காவல் நிற்கிறார். ஓங்கிய குரலோ அடிதடிப் புகழோ இல்லாத மனிதர். 2023 அக்டோபர் 19 இல் ‘லியோ’ வந்தது. இமாசலத்து தியோக்கில் விஜய் நடித்த பார்த்திபனின் குடும்பத்துக்குக் காவலாக அதே நெப்போலியன் வந்து நின்றபோது திரையரங்குகளில் எழுந்த விசில், விஜய்க்கு விழும் விசிலின் ரகம் அல்ல. நாலு வருடத்துக்கு முந்திய அந்த இரவுக்குத் தாமதமாகக் கொடுத்த கைதட்டு அது. தமிழ்ப் படத்தில் துணைப்பாத்திரத்துக்குச் சேமிப்புக் கணக்கு திறந்தது இங்கேதான்.

ஏஜென்ட் டீனாவின் கதை இன்னும் சுவையானது. ‘விக்ரம்’ முதல் பாதியில் அவர் கர்ணன் வீட்டு வேலைக்காரி. விசாரிக்க வந்த அமர் கேள்வி கேட்கும்போது பயந்து பதில் சொல்பவர். இரண்டாம் பாதியில் வீட்டுக்குள் புகுந்த கூலிப்படையை ஒற்றை ஆளாக அடித்து நொறுக்கிச் சாகிறார். நடனக் குழுக்களில் நெடுங்காலம் இருந்த வசந்திக்கு அந்த ஒரே காட்சி பெயர் வாங்கிக் கொடுத்தது. இரண்டாந்தரம் பார்ப்பவர் தேடுவது சண்டையை அல்ல. முதல் பாதியில் அவர் கண்ணைத் தாழ்த்தும் விதத்தை.

கணக்கு 2019 உடனும் நிற்கவில்லை. சுஜாதா கதை எழுதி, குமுதத்திலும் தொடராக வந்த 1986 ஆம் வருட ‘விக்ரம்’ இந்த உலகத்தின் முன்கதையாக இழுத்து வரப்பட்டது. வெளியானபோது சுமாராகவே ஓடிய அந்தப் படத்துக்கு முப்பத்தாறு வருடம் கழித்து ஒரு தொடர்ச்சி!

இந்தப் பின்னோக்கு வேலை எங்கே கசக்கிறது என்பதை ‘லியோ’ காட்டியது. படம் தன் தொடக்கத்திலேயே ‘எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்’ படத்துக்கு நன்றி சொல்கிறது. குரோனன்பெர்க் 2005 இல் எடுத்த அந்தப் படத்தின் மூலம் 1997 இல் வந்த சித்திர நாவல். எழுதியவர் ஜட்ஜ் ட்ரெட்டைப் படைத்தவர்களில் ஒருவரான ஜான் வாக்னர். மாயாவி வாசகரும் லியோ ரசிகரும் ஒரே பிரிட்டிஷ் காமிக்ஸ் ஆற்றில் இரு வேறு துறைகளில் தண்ணீர் மொண்டவர்கள்தாம். ‘லியோ’வின் முன்கதைப் பகுதி பலருக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்பவர் மன்சூர் அலிகான் நடித்த இருதயராஜ். அவர் சொன்னது பொய்யாகவும் இருக்கலாம் என்று இயக்குநர் வெளியீட்டுக்குப் பின் பேட்டியில் கோடிகாட்டினார். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒருசாரார் அதை ஆழம் என்றார்கள், மற்றவர்கள் சப்பைக்கட்டு என்றார்கள். இரண்டாம் சாரார் பக்கமே நியாயம் அதிகம். திருத்தி வாசிப்பதற்கான சான்று படத்துக்குள் கிடைக்க வேண்டும். பேட்டியில் கிடைத்தால் அது ரசிகரின் கண்டுபிடிப்பாக ஆகாது. ஆனாலும் கவனிக்க வேண்டியது, சண்டை முழுக்க நடந்து முடிந்த காட்சியைப் பற்றியது.

எல்லாம் விளம்பரம் செய்த மாயம் என்று ஒதுக்குவோர் உண்டு. ‘விக்ரம்’ படத்தில் ரோலெக்ஸாக சூர்யா வந்த சில நிமிடங்களுக்கு அந்த விளக்கம் பொருந்தலாம். நெப்போலியனையும் டீனாவையும் முன்னிறுத்தி எந்த விளம்பரமும் டிக்கெட் விற்கவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ இன்னொரு சான்று. முதல் பாகம் 2022 செப்டம்பர் 30, இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய கதை. முடிவு அரை நூற்றாண்டுக்கு மேலாக ஊரறிந்த ஒன்று. முதல் பாகம் அருண்மொழியையும் வந்தியத்தேவனையும் இலங்கைக் கடலில் மூழ்கவிட்டு முடிகிறது. அவர்கள் பிழைப்பார்களா என்று நாவல் வாசித்த எவரும் கவலைப்படவில்லை. ஏழு மாத இடைவெளியில் பேச்செல்லாம் எது விடுபட்டது, எது மாற்றப்பட்டது, யாருக்கு எந்த முகம் பொருந்தியது என்பதே. ஊகிக்க எதுவும் இல்லாத இடத்திலும் பாதி வழி வாதம் குறையவில்லை என்றால், ஊகம் அதன் உயிர்நாடியாக இருக்க முடியாது.

2025 ஆகஸ்ட் 14 இல் வந்த ‘கூலி’க்குக் கிடைத்த கலவையான வரவேற்பை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இது தனிப்படம், அந்த உலகத்தைச் சேர்ந்தது இல்லை என்று லோகேஷ் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ரஜினிகாந்த், நாகார்ஜுனா, உபேந்திரா, ஆமிர் கான் எனக் கூட்டு நிகழ்வுக்குரிய ஆள்பலம் இருந்தது. கதை விசாகப்பட்டினத் துறைமுகத்தில். விக்ரமும் காணாமற்போன கொள்கலன்களைச் சுற்றிய கதை என்பதால் ரசிகருக்கு முடிச்சுப் போடக் கயிறும் கிடைத்தது. (உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றை வாசலில் வைத்துக்கொண்டு, கோதுமையும் சீமெந்தும் இறங்குவதை மட்டும் பார்த்து, கொள்கலன்களைக் கொழும்புக்கு விட்டுக்கொடுத்த திருமலைக்காரருக்கு இந்தத் துறைமுகப் பகட்டு வேறொரு புன்னகையைத் தந்திருக்கலாம்.) எதிர்பார்ப்பு எல்லை மீறியதால் ஏமாற்றம் என்று வணிகப் பத்திகள் முடித்துவிட்டன. அது பாதி உண்மை. இயக்குநர் ஒரு முறையில் பார்க்கப் பழக்கிவிட்டு, அந்த முறைக்கு வேலையில்லாத படத்தைக் கொடுத்தார். ரஜினிகாந்த் நடித்த தேவாவின் பழைய வாழ்க்கை அந்தப் படத்துக்குள்ளேயே சொல்லி முடிக்கப்படுகிறது. திரும்பிப் போய்ப் பார்க்க இன்னொரு படம் இல்லை.

சிறைக்குப் போகுமுன் ‘கைதி’யின் நாயகன் டில்லி யாராக இருந்தான் என்ற கேள்வி 2019 இலிருந்து திறந்தே கிடக்கிறது. ‘கைதி’யின் இரண்டாம் பாகம் அதற்கு விடை சொல்ல வரும்போது இங்கே வைத்த வாதத்தைச் சோதிக்க வழி உண்டு. முதல் நாள் வசூலைப் பார்த்து அதற்கு விடை தெரியாது. முதல் வாரம் கழிந்தபின், 2019 இல் வந்த அந்த ஒற்றை இரவுப் படத்தை, பிரியாணியை டில்லி அள்ளித் தின்னும் காட்சியிலிருந்து மகளுக்கு வைத்திருந்த தோடு வரை, எத்தனை பேர் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள் என்பதை எண்ண வேண்டும்.