நீள்வில்லைச் சமன் செய்தல்

மரவில்லின் நாணை இழுக்கும்போது பிடிக்கு மேலுள்ள பாதியும் கீழுள்ள பாதியும் ஒரே சீராக வளைய வேண்டும். அப்படி வளையாத வில்லைச் செதுக்கிச் சரிசெய்வதே வில் செய்வதில் மிகக் கடினமான கட்டம். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நீள்வில் பற்றி அறிய ஒரு நூலும் ஒரு கப்பலும் உதவுகின்றன. ரோஜர் ஆஸ்கம் எழுதிய 'டாக்சோஃபிலஸ்' 1545இல் வெளிவந்தது. எட்டாம் ஹென்றி மன்னரின் 'மேரி ரோஸ்' கப்பலும் அதே ஆண்டு ஜூலை 19 அன்று கடலில் மூழ்கியது.

நீள்வில்லுக்குச் சிறந்தது யூ மரம். அதன் வெளிமரம் இழுவையையும் உள்ளே இருக்கும் வைரம் அழுத்தத்தையும் தாங்கும். ஆனால் மரத்தில் கணுவும் இழையோட்டமும் எங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே இரு பாதிகளையும் ஒரே அளவில் இழைத்தாலும் ஒன்று விறைப்பாகவும் மற்றது தளர்வாகவும் நிற்கலாம். இதற்கு அளவுகோல் போதாது. வில்லை வளைத்துப் பார்த்தே குறையைக் கண்டுபிடிக்க முடியும்.

குறை தளர்ந்த பாதியில் தெரியும். கை வைக்க வேண்டியதோ விறைப்பான பாதியில். சீவிய மரத்தை மீண்டும் ஒட்டவைக்க முடியாது என்பதால் வேறு வழியில்லை. அதிலும் கவனம் தேவை. விறைப்பு, தடிப்பின் மும்மடியைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டர் தடிப்பில் 1 மில்லிமீட்டர் குறைந்தால், அவ்விடத்தின் விறைப்பு ஏறத்தாழ 14 விழுக்காடு குறைந்துவிடும். எனவே வில்லாளியைப் பார்க்கும் உட்புறத்தில் சிறிது சுரண்டி, பலமுறை வளைத்து, மரம் புதிய வளைவுக்குப் பழகிய பின்பே அடுத்த சுரண்டல்.

ஆஸ்கம் வில் செய்பவர் அல்லர். பிற்காலத்தில் இளவரசி எலிசபெத்துக்குக் கிரேக்கம் கற்பித்த ஆசிரியர். ஆனால் வில்லைக் கையாண்டு அறிந்தவர். புதிய வில்லைக் களத்தில் எய்து பார்த்துவிட்டு, மீண்டும் வில் செய்பவரிடம் கொடுத்து, நீளம் குறைத்து, சுரண்டி, வட்டமாக வளையச் செய்ய வேண்டும் என்கிறார். ஓரிடம் அளவுக்கு மீறி வளைந்தால் அங்கே மரம் நசுங்கி நுண்ணிய மடிப்புகள் தோன்றும். கவனிக்காமல் விட்டால் வில்லே முறியும். அந்த மடிப்பைத் தொடாமல், அதைச் சுற்றியுள்ள மரத்தைச் சற்றுச் சுரண்டித் தளர்த்தினால் மடிப்பு மேலும் பரவாது என்பது அவர் சொல்லும் மருந்து.

இம்மருந்துக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு திருத்தத்திலும் வில்லின் வலு குறைகிறது; அளவு மீறினால் போர்வில்லுக்கு வாங்கிய கட்டை பயிற்சி வில்லாகிவிடும். நல்ல யூ கட்டைகள் பெரும்பாலும் கடல் கடந்து வந்தவை. வெனிஸ் முதலிய இடங்களிலிருந்து வரும் சரக்கில் டன் ஒன்றுக்கு 4 வில்கட்டைகள் கொண்டுவர வேண்டும் என்று 1472இல் சட்டமே இயற்றினார்கள்.

1982இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸின் அகழாய்வில் 170க்கும் மேற்பட்ட வில்கள் கிடைத்தன. பெரும்பாலானவை முறியாமல் முழுதாக இருந்தன. சராசரி நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். அவற்றை முழுவதும் இழுக்க 45 முதல் 84 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை தேவைப்பட்டிருக்கும் என ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர்.