அண்ணத்தைப் பிளந்த திருகாணி

இந்தப் பதிவு கொஞ்சம் பல் சமாச்சாரம். கடலை மிட்டாய் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மெதுவாகக் கடிக்கவும் :-)

1860ஆம் வருஷம், சான் பிரான்சிஸ்கோ. எமர்சன் ஏஞ்சல்னு ஒரு பல் மருத்துவர். அவரிடம் 14 வயசு தாண்டிய ஒரு பெண் வருகிறாள். மேல்தாடை குறுகல், கோரைப்பல்லுக்கு இடமில்லை. அந்தக் காலத்தில் இதற்குச் சுலபமான வழி, பக்கத்துப் பல்லைப் பிடுங்கிப் போடுவது. ஏஞ்சல் பிடுங்கவில்லை. இரண்டு பக்கத்துப் பற்களுக்கும் நடுவே, அண்ணத்துக்குக் குறுக்காக ஒரு திருகாணியை வைத்தார். சாவியைக் கொடுத்து, தினமும் நீயே திருகிக்கோம்மா என்று அனுப்பிவிட்டார். இரண்டு வாரத்தில் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. பல் மட்டும் நகரவில்லை, நடுவில் பொருந்தியிருக்கும் மேல்தாடை எலும்புகளே விலகிவிட்டன என்று 'டென்டல் காஸ்மாஸ்' பத்திரிகையில் எழுதினார்.

யாரும் நம்பவில்லை. அந்தப் பத்திரிகையின் ஆசிரியர்களில் ஒருவரான மெக்குவில்லனே சந்தேகத்தைக் கிளப்பினார். அவரையும் குறை சொல்ல முடியாது. எலும்பு விலகியதை எப்படிக் காட்டுவது? ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895இல். நடுவில் 35 வருஷம். ஏஞ்சல் கையில் இருந்த சாட்சி அந்தப் பல் இடைவெளி ஒன்றுதான்.

எக்ஸ்ரே வந்த பிறகாவது இந்த முறை எழுந்து நின்றதா என்றால், அமெரிக்காவில் அதுவும் இல்லை. மூக்கடைப்புக்கு உதவும் என்று சில மூக்கு மருத்துவர்கள் கொஞ்ச காலம் ஆர்வம் காட்டினார்கள். ஆனால் எட்வர்ட் ஆங்கிள் (பெயர் குழப்பும், இவர் வேறு ஆள், பல் சீரமைப்புத் துறையின் பெரியண்ணன்) வழி வந்தவர்கள் பல்லை மெதுவாக நகர்த்தினாலே போதும், எலும்பு தானே பின்னால் வரும் என்றார்கள். திருகாணி பெட்டிக்குள் போனது. ஐரோப்பாவில் மட்டும் உயிரோடு இருந்தது. 1950களின் நடுவில் பான் நகரத்து கோர்க்ஹாஸ் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு வந்து தன் நோயாளிகளின் படங்களைக் காட்ட, அங்கே படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ ஹாஸுக்குப் பொறி தட்டியது. முதலில் பன்றிகளில் செய்து பார்த்தார், பிறகு மனிதர்களில். 1961இல் அவர் கட்டுரை வந்தது. ஏஞ்சல் சொன்னதற்கு நூற்றியொரு வருஷம் கழித்து.

இதெல்லாம் எலும்புக் கதை. எனக்கு இதில் சுவாரசியம் வந்ததே வேறு ஒரு கேள்வியால். ஊரில் அக்கா பெண்ணுக்கு எட்டு வயது. இதே திருகாணியை வைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அக்கா போனில் எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "டேய், பிள்ளை மென்னு சாப்பிடுமாடா?" என்றுதான் கேட்டாள். நூறு வருஷமாகப் பெரிய மனுஷர்கள் எலும்பு விலகுமா விலகாதா என்றே மல்லுக்கட்டியிருக்க, அக்கா நேராகத் தசைக்குப் போய்விட்டாள்!

பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்துப் பாருங்கள். புடைத்து எழுவது மாசெட்டர். நெற்றிப்பொட்டில் துடிப்பது டெம்போராலிஸ். மெல்லுவதில் பெரும்பங்கு இவைதான். இவற்றின் மின்துடிப்பை அளக்கும் எலக்ட்ரோமயோகிராமைப் பல் சீரமைப்புக்குள் கொண்டுவந்தவர்களில் முன்னோடி ராபர்ட் மோயர்ஸ், 1949இல். அதன் பிறகுதான் தசை பேச ஆரம்பித்தது.

மேல்தாடை குறுகினால் ஒரு பக்கக் கடைவாயில் மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய்விடும். கிராஸ்பைட் என்பது இதுதான். சரியாகக் கடிக்க, பிள்ளை தாடையைப் பக்கவாட்டில் தள்ளிப் பழகிவிடும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத் தசைகளும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்று 1975இல் ஸ்வீடனின் இங்கர்வாலும் திலாண்டரும் காட்டினார்கள். கடிக்கும் பலமும் மற்ற பிள்ளைகளைவிடக் குறைவு என்று 2001இல் டென்மார்க்கிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு வினோதமும் உண்டு. மெல்லும்போது தாடை ஒரு சுற்றுச் சுற்றி மூடும் இல்லையா, கிராஸ்பைட் பக்கம் மெல்லும்போது அந்தச் சுற்று அடிக்கடி தலைகீழாகப் போகும். செக்கு எதிர்ப்பக்கம் சுற்றுகிற மாதிரி.

திருகாணி போட்டால்? ஒரு திருப்பு கால் மில்லிமீட்டர்தான், ஆனால் அந்த ஒரு திருப்பே 3 முதல் 10 பவுண்டு வரை அழுத்துகிறது என்று 1964இலேயே அளந்துவிட்டார்கள். மேல்தாடை விரியும்போது கொஞ்சம் கீழேயும் இறங்கும். பற்களின் முனைகள் முட்டி நிற்க, கடி திறந்துகொள்ளும். அந்த வாரங்களில் தசைக்கு எங்கே கடிப்பது என்றே தெரியாது. அக்காவிடம் இதைத்தான் சொன்னேன்: முதல் நாட்களில் இட்லி, தயிர்சாதம். முறுக்கு கேட்டால் தாத்தாவிடம் கொடுத்துவிடு.

அப்புறம் புது எலும்பு நிரம்பிக் கடி பொருந்தியதும் தசை எழுந்து வருகிறது. 2009இல் பிரேசிலில் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளை அளந்து பார்த்து, தசைத் துடிப்பு கூடியிருப்பதாகச் சொன்னார்கள். எல்லா ஆய்வும் இப்படி ஒத்துப்போவதில்லை. கொஞ்சம் பிள்ளைகள், ஆளுக்கொரு அளவுமுறை. எனக்கு அந்த எதிர்ச்சுற்று விஷயம்தான் உறுத்துகிறது. இத்தாலியின் டுரின்காரர்கள் 2006இல் அது நன்றாகக் குறைந்ததைக் காட்டினார்கள். ஆனால் அவர்கள் வைத்தது திருகாணி அல்ல, வேறு வகைக் கருவி. பல் வரிசை சரியான அன்றைக்கே, வருஷக்கணக்கில் பழகிய மெல்லும் வழக்கமும் திரும்பிவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பதிவர்களில் பல் மருத்துவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். திருகாணியைக் கழற்றிய பிறகு, பிள்ளை எந்தப் பக்கம் மெல்லுகிறது என்று உங்கள் கிளினிக்கில் பார்ப்பதுண்டா? சொல்லுங்கப்பா, அக்காவுக்குச் சொல்லணும்.