ஊரும் காவலும்

கள்வனைப் பிடிப்பது ஒரு பணி. களவு நிகழாமற் காப்பது வேறொரு பணி. முன்னையதற்குத் துப்பறியும் திறனும், ஓடிப் பிடிக்கும் வலிமையும், கைவிலங்கும் போதும். பின்னையதற்கோ ஊரவரின் கண்ணும் காதும் வேண்டும். அவற்றிலும் மேலாக, கண்டதையும் கேட்டதையும் அச்சமின்றிச் சொல்லும் வாயும் வேண்டும். எந்த வளவின் வேலி பிரிந்து கிடக்கிறது, எந்தக் குடும்பங்களுக்கிடையே எல்லைத் தகராறு முற்றிவருகிறது, நள்ளிரவில் ஒழுங்கையாற் சென்ற வண்டி யாருடையது என்பனவற்றை ஊரவரே முதலில் அறிவர். இவ்வறிவை அரசாங்கத்தின் காவலோடு இணைப்பது எங்ஙனம் என்னும் வினா, இலங்கையின் பொலிஸ் வரலாறு நெடுகிலும் எழுந்துகொண்டே வந்திருக்கின்றது.

ஒல்லாந்தர் ஆட்சியின்போது, 1659ஆம் ஆண்டில், கொழும்பு நகரை இரவில் காவல் செய்யக் கூலி பெறும் காவலர் நியமிக்கப்பட்டனர். இஃது நகரத்துக்குரிய ஏற்பாடே. கிராமங்கள் தத்தம் தலைமைக்காரரின் கீழ்த் தம்மைத் தாமே காத்துவந்தன. பின்னர் வந்த ஆங்கிலேயர் இவ்வழக்கத்தை அழிக்கவில்லை, தமக்குரியதாக்கிக் கொண்டனர். 1806ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியொன்று, கிராமத்துக்கொரு பொலிஸ் விதானையை நியமிப்பதைச் சட்டபூர்வமாக்கியது. யாழ்ப்பாணத்தில் மணியகாரர், உடையார், விதானையார் என்றும், கண்டிப் பகுதியில் இரட்டமகத்மயா, கோறளை, ஆராய்ச்சி என்றும் படிப்படியாக அமைந்த தலைமைக்காரர் வரிசையிற் கடைப்படியில் நின்ற இவரே, குடியானவன் கண்ட அரசாங்கமாவார்.

கலகம் மூண்டால் விலக்குவதும், அந்நியர் நடமாட்டத்தை மேலிடத்துக்கு அறிவிப்பதும், ஐயத்துக்கிடமான மரணத்தைத் தெரிவிப்பதும் இவர் கடன். மாட்டுத் திருட்டைத் தடுக்கக் கையாளப்பட்ட முறை இதற்கு நல்ல சான்று. மாட்டுக்குக் குறி சுடப்படும். அதனை விற்பவர் தம் உரிமையைக் காட்டும் சீட்டைத் தலைமைக்காரரிடம் பெறவேண்டும். எந்த மாடு எவருடையது என்று அறிந்தவர் கையொப்பமிடும் சீட்டானபடியால், களவு மாட்டை விலைப்படுத்துவது கடினமாயிற்று. 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்திலும் இம்முறை இடம்பெற்றது.

ஆயினும் இவ்வமைப்பின் உள்ளேயே அதன் கேடும் இருந்தது. சிறு தலைமைக்காரர் நெடுங்காலமாக மாதச் சம்பளம் பெற்றவரல்லர். ஊதியமில்லாத அதிகாரம் காணிக்கையைத் தேடிற்று. ஊரை அறிந்தவர், ஊரின் பகையையும் உறவையும் தம்மோடு சுமந்தவராகவும் இருந்தார். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகப் பணிபுரிந்த லெனாட் வுல்ப், 1913இல் வெளியிட்ட நாவலில் இக்கேட்டைச் சித்திரித்தார். காட்டோரக் கிராமமொன்றின் தலைமைக்காரன் தன் பகையைத் தீர்க்கத் திருட்டு வழக்கொன்றைப் புனைகிறான். குற்றமற்றவன் சிறை செல்கிறான். ஒரு குடும்பமே சிதைகிறது. வேலி பயிரை மேயும்போது பயிர் யாரிடம் முறையிடும்?

அவ்வாறாயின் வெளியிலிருந்து வரும் காவலர் போதுமா? இதற்கு 1864ஆம் ஆண்டு விடை தருகிறது. மாவனல்லைக்கு அண்மையிலுள்ள உத்துவன்கந்தையைப் புகலிடமாகக் கொண்டு கொள்ளையடித்த சரதியல், பலகாலம் பிடிபடாது திரிந்தான். செல்வரிடம் பறித்து ஏழைகளுக்கு ஈந்தவன் என்று இன்றும் கதைகள் அவனைப் பேசுகின்றன. அவனுடைய சகபாடி ஒருவன் தகவல் கொடுத்த பின்னரே பொலிஸார் அவனிருந்த வீட்டை நெருங்கினர். 21.03.1864 அன்று நிகழ்ந்த அம்மோதலில் சபான் என்னும் பொலிஸ் கொன்ஸ்தாபிள் சுடப்பட்டு உயிர்நீத்தார். கடமையின்போது உயிரிழந்த முதற் பொலிஸ் உத்தியோகத்தராக அவர் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறார். ஊர் வாய் திறவாதபோது, காவலரின் துணிவுக்கு விலையாக உயிரே கொடுக்கவேண்டி வருகிறது.

அடுத்த ஆண்டில், 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச்சட்டம் நிறைவேறிற்று. பம்பாய் மாகாணத்தில் பணியாற்றிய கம்பெல் என்பார் 03.09.1866 அன்று இங்கே தலைமைப் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டிற் பொலிஸ்மா அதிபர் என்னும் பதவிப்பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. பொலிஸ் நிலையங்கள் பெருகிய பின்னரும் விதானையார் மறையவில்லை. சீருடை அணிந்தவருக்கு ஊர் தெரியாது. ஊர் தெரிந்தவருக்கு நடுநிலை அரிது. ஒருவரின் குறையை மற்றவர் நிரப்பவேண்டியிருந்தது.

1947இல் பொலிஸ்மா அதிபரான சேர் றிச்சட் அலுவிகாரை, பொலிஸ் என்பது மக்களை அடக்கும் படையன்று, மக்களுக்குரிய சேவையே என்ற கருத்தை வலியுறுத்தினார். அவர் காலத்தில், 1952இல், பெண்களும் பொலிஸிற் சேர்க்கப்பட்டனர். 1963இல் கிராமத் தலைமைக்காரர் முறை ஒழிக்கப்பட்டு, சம்பளம் பெறுபவரும் இடமாற்றத்துக்குரியவருமான கிராம சேவையாளர் நியமிக்கப்பட்டார். பரம்பரைச் செல்வாக்கு நீங்கியது பெருநன்மை. ஆனால் விதானையாரிடமிருந்த ஊரறிவு புதிய உத்தியோகத்தருக்குத் தானாக வந்துவிடவில்லை. ஊரோடு பழகியே அதனை அவர் ஈட்டவேண்டியிருந்தது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் அவரையும் சமாதான உத்தியோகத்தராகக் கொள்கிறது. பாரதூரமான சில குற்றங்களை அறிந்த எவரும், நீதவானுக்கோ பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கோ கிராம சேவையாளருக்கோ அறிவித்தல் கடமை என்றும் அது விதிக்கிறது.

சட்டம் கடமையை விதிக்கலாம். நம்பிக்கையை விதிக்க முடியாது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில், வடக்கிலும் கிழக்கிலும் பொலிஸ் நிலையம் என்பது முறையிடும் இடமாகவன்றி அஞ்சும் இடமாகவே பலருக்குத் தோன்றியது. மொழியும் ஒரு மதிலாய் நின்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது. எனினும், பொலிஸ் நிலையங்களில் இருபத்துநான்கு மணிநேரமும் இருமொழியறிந்த உத்தியோகத்தர் இருத்தல் வேண்டுமென்று, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011ஆம் ஆண்டிலும் விதந்துரைக்க நேர்ந்தது. தன் வீட்டிற் களவு போனதைத் தன் மொழியிற் சொல்லமுடியாத முதியவள், மறுமுறை நிலையத்துப் படியேறமாட்டாள். அவள் அறிந்தவை யாவும் அவளோடே நின்றுவிடும்.

இந்நூற்றாண்டில் அமைந்த சிவில் பாதுகாப்புக் குழுக்களும் சமூகப் பொலிஸ் பிரிவுகளும் பழைய வினாவுக்குப் புதிய விடை தேடும் முயற்சிகளே. அவற்றிலும் இரு திறத்து ஆபத்தும் உண்டு. ஊரின் செல்வாக்குடையோர் மட்டுமே குழுவில் அமர்ந்தால், விதானையாரின் பழைய குறை திரும்பும். பொலிஸார் பேசவும் ஊரவர் தலையசைக்கவும் மட்டும் கூட்டம் நடந்தால், உத்துவன்கந்தையின் மௌனம் திரும்பும். எளியவன் தன் ஊரின் வலியவன் மேல் முறைப்பாடு கொடுத்துவிட்டு, அன்றிரவு தன் வீட்டில் அச்சமின்றித் துயில முடியுமா? ஒரு கிராமத்தின் காவல் எத்தகையது என்பதை அளக்க அந்த ஒரு வினாவே போதும்.