இரண்டு மணிக்கூடுகளும் ஒரு நிழலும்

சித்திரை வருடப் பிறப்புக்கு ஓரிரு நாள் முன்பாக, ஏப்ரல் 12 அளவில், வவுனியாவில் சூரியன் உச்சம் கொடுக்கும். விடுமுறைக் காலமென்றாலும் அயல் பிள்ளைகள் நாலைந்து பேர் பாடசாலை முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். ஒரு மீற்றர்த் தடியை நட்டுக் காத்திருப்போம். 12.09 அளவில் நிழல் தடியின் அடியிலேயே ஒடுங்கிவிடும்.

சூரியன் வடக்கே போகும்போது ஏப்ரலிலும், திரும்பும்போது ஆகஸ்ட் கடைசியிலும் நம் தலைக்கு மேல் வருகிறது. பூமியின் அச்சு இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருப்பதே காரணம். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஜூன் 21இல் ஏறக்குறைய 26 சென்ரிமீற்றர். ஏனைய மாதங்களில் வடக்கே விழும்; டிசம்பர் 22இல் 63 சென்ரிமீற்றர்.

நான் தடி நடத் தொடங்கியதற்கு ஒரு பயணமே காரணம். 1996 மே மாதம், மின்சாரத்தை மிச்சப்படுத்தவென அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்நகர்த்தியது. ஒக்டோபரில் அரைமணியைக் குறைத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி அதனை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தது. 2002இல் ஏ-9 வீதி திறந்தபின், ஆகஸ்ட் கடைசியில் கிளிநொச்சிக்குப் போனேன். ஓமந்தையில் படையினரின் சாவடி. புளியங்குளத்தில் புலிகளின் சாவடி. நடுவழியில், உடன் வந்தவர்கள் பேசாமல் கைக்கடிகாரத்தை அரைமணி பின்னே திருப்பினார்கள். நண்பகல் நேரம். 12.39 என்றது ஓர் ஆட்சி, 12.09 என்றது மற்றது. இறங்கி நின்றவர்களின் நிழலோ காலடியிலேயே கிடந்தது.

ளுஹர் தொழுகையின் நேரம், சூரியன் உச்சியிலிருந்து சாய்வதோடு ஆரம்பமாகிறது. ஆகவே 1996இல் வவுனியாவில் தொழுகை நேர அட்டவணையின் எண்கள்தாம் மாறின; தொழுகை தன் வேளையிலிருந்து அசையவில்லை. ஓமந்தைக்கு அப்பால் நிலைமை வேறு. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியிருந்தார்கள். பழைய நேரத்தை விடாமல் வைத்திருந்த மண்ணில், அந்த நேரத்துக்குப் பாங்கு சொல்ல ஆளில்லை.

2006 ஏப்ரல் நடுப்பகுதியில், வன்னிக்குச் சூரியன் உச்சம் கொடுத்த அதே நாட்களில், அரசாங்கம் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இரு பக்கத்து மணிக்கூடுகளும் ஒன்றாயின. அவ்வாண்டே யுத்தம் மீண்டும் மூண்டது.

2009க்குப் பின் முல்லைத்தீவு நீராவிப்பிட்டியில் மக்கள் மீளக் குடியேறினார்கள். ஒருநாள் அவ்வழியே போகையில் ளுஹர் பாங்கு கேட்டது. நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் நிழலைப் பார்த்தேன்.