குழலுக்கேற்ற குண்டு

பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் பூலாம்பாடியிலிருந்து தென்கிழக்கே போனால், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி ரஞ்சன்குடிக் கோட்டையும் அதற்குத் தெற்கே வாலிகண்டபுரமும் வரும். 1751 ஜூலையில் இந்தப் பகுதியில்தான், ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கான போட்டியில் முகமது அலிக்குத் துணையாக வந்த கேப்டன் ஜின்ஜென்ஸின் ஆங்கிலப் படையும், பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு வந்த சந்தா சாகிப்பின் படையும் மோதின. ஆங்கிலப் படை கலைந்து, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது. இந்தச் சண்டையைப் பற்றி எழுதியவர்கள் நவாபுகளையும் கோட்டையையும் பீரங்கியையும் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அங்கே சுடப்பட்ட ஈயக்குண்டு எப்படிப்பட்டது, அது தன் குழலுக்குப் பொருந்தியதா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அந்தக் கேள்வி சின்னது அல்ல. நம் நாட்டில் துப்பாக்கியின் வரலாறு குழலின் வரலாறாகவும் மருந்தின் வரலாறாகவும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் சுட்டது குறியில் படுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது குண்டைத் தேர்ந்தெடுத்த கைதான். போர்ப்படைகள் வேகத்துக்காக அந்தத் தேர்வைக் கைவிட்டன. வேட்டைக்காரனும் குறிபார்த்துச் சுடுபவனும் அதைக் காப்பாற்றினார்கள்.

இதை முதலில் கணக்காலும் சோதனையாலும் நிறுவியவர் ஆங்கிலக் கணிதவியலாளர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742இல் இவர் வெளியிட்ட நூல்தான் பீரங்கி, துப்பாக்கி பற்றிய அறிவை ஊகத்திலிருந்து அளவைக்கு மாற்றியது. கனத்த ஊசல் ஒன்றில் குண்டைப் பாயவிட்டு, ஊசல் எவ்வளவு விலகியது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். உருண்டைக் குண்டு வழி தவறுவதற்கு அவர் காட்டிய காரணம் இங்கே முக்கியமானது. குழலைவிடச் சிறிய குண்டு உள்ளே இப்படியும் அப்படியும் மோதிக்கொண்டே வெளியேறுகிறது. மோதும்போது ஏதோ ஒரு பக்கமாகச் சுழலத் தொடங்குகிறது. அந்தச் சுழற்சி காற்றில் அதன் பாதையை வளைத்துவிடுகிறது. குண்டு குழலோடு இறுகப் பொருந்தி, குழலுக்குள் வெட்டிய புரிகளைப் பற்றிக்கொண்டு ஒரே சீராகச் சுழன்றால்தான் நேராகப் போகும் என்பது அவர் முடிவு. ராபின்ஸ் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக இந்தியா வந்தார். கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையில் 1751 ஜூலை 29 அன்று காய்ச்சலால் இறந்தார். குண்டு ஏன் குறி தவறுகிறது என்பதை அன்று உலகிலேயே நன்கு அறிந்திருந்த மனிதர், வாலிகண்டபுரத்துச் சண்டை நடந்த அதே மாதத்தில், ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதியான அதே கர்நாடகத்தின் கடற்கரையில் கண்மூடினார்.

அவர் சொன்னதைப் படைகள் ஏன் கேட்கவில்லை? ஆங்கிலச் சிப்பாயின் மஸ்கட் குழலின் உள்விட்டம் சுமார் 19 மில்லிமீட்டர். அவன் போட்ட குண்டு சுமார் 17.5 மில்லிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டது. கரிமருந்து எரிந்தால் குழலுக்குள் கரி படியும். பத்து இருபது வேட்டுக்குப் பிறகும் வாய் வழியாகக் குண்டு தடையில்லாமல் இறங்க வேண்டுமானால் அது தொளதொளவென்றுதான் இருக்க வேண்டும். வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடும் படைக்கு ஒரு குண்டு எங்கே போகிறது என்பது பொருட்டல்ல. நிமிடத்துக்கு எத்தனை வேட்டு என்பதே கணக்கு. பிரெஞ்சு மஸ்கட்டின் குழலே சுமார் 17.5 மில்லிமீட்டர்தான், அதன் குண்டு இன்னும் சிறியது. எனவே ஒரு போர்க்களத்து மண்ணில் கிடைக்கும் ஈயக்குண்டின் விட்டத்தையும் எடையையும் அளந்தாலே, அது எந்தத் தரப்பினுடையது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

வாலிகண்டபுரத்தில் ஆங்கிலப் படை தோற்றது மனம் உடைந்ததால். குண்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தத் தோல்விக்குக் குண்டைக் காரணமாகக் காட்ட முடியாது. ஆனால் அந்த எதிர்ப்பே என் வாதத்துக்குத் துணை வருகிறது. பொருந்தாத குண்டைக் கொண்டு சுடும் படை முழுக்க முழுக்க ஒழுங்கையும் துணிவையும் நம்பியே நிற்கிறது. வரிசை கலைந்தால் அதன் கையில் இருக்கும் ஆயுதத்துக்கு மதிப்பில்லை. தனியாக ஒரு மரத்தின் பின்னே நின்று சுடுபவனுக்கோ குண்டின் பொருத்தம்தான் எல்லாம்.

அந்தத் தனிமனிதனின் மரபு படைகளின் வழியிலிருந்து வேறாக வளர்ந்தது. கொல்லர் பட்டறையில் தனித்தனியாகச் செய்யப்பட்ட துப்பாக்கிகளில் ஒன்றின் குழல் இன்னொன்றின் குழலைப் போல இருக்காது. ஆகையால் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஏற்ற அச்சில் ஈயத்தை உருக்கி ஊற்றிக் குண்டு வார்த்துக்கொள்வது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அடுப்புக் கரியே போதும். நீரைவிடப் பதினோரு மடங்குக்கும் மேலான அடர்த்தி உடையது; மென்மையானது; இரும்புக் குழலைக் கீறாது. பச்சைமலையிலும், எறையூர் போன்ற இடங்களில் குடியிருக்கும் நரிக்குறவரிடையேயும், வாய்வழியாக மருந்தும் ஈய ரவையும் இட்டுச் சுடும் நாட்டுத் துப்பாக்கி நெடுங்காலம் புழங்கியது. இதைப் பின்தங்கிய கருவி என்று தள்ளிவிடுவது எளிது. ஏழ்மையால் வந்த பழக்கம்தானே, இதில் தேர்வு எங்கே இருக்கிறது என்றும் கேட்கலாம். ஏழ்மை உண்மை. ஆனால் எந்த இரைக்கு எந்த அளவு ரவை, இந்தக் குழல் எவ்வளவு தாங்கும் என்பதை ஒவ்வொரு முறையும் தானே முடிவு செய்தவன் நாட்டுத் துப்பாக்கிக்காரன். தொழிற்சாலைத் தோட்டாவை வாங்கிப் போடுபவனுக்கு அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பே இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது சரியானது. அதனால் அந்த அறிவு இருந்ததே இல்லை என்று ஆகிவிடாது.

பொருத்தம் என்ற பிரச்சினையைப் படைகள் கடைசியில் தீர்த்ததும் ஈயத்தின் மென்மையைக் கொண்டுதான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் மினியே வடிவமைத்த குண்டு, போடும்போது தளர்வாக இறங்கி, சுடும்போது மருந்தின் அழுத்தத்தால் விரிந்து புரிகளைப் பற்றியது. அதே தத்துவத்தில் வந்த என்ஃபீல்டு துப்பாக்கியின் குண்டு குழலோடு நெருங்கி இருந்ததால், அதைப் பொதிந்த காகிதத்துக்குக் கொழுப்புப் பூச வேண்டியிருந்தது. 1857இல் சிப்பாய்கள் கொதித்தெழுந்ததற்கு உடனடிக் காரணமான அந்தக் கொழுப்பு, குண்டைக் குழலுக்குப் பொருத்தும் முயற்சியின் விளைவு. இருபது ஆண்டுகள் கழித்து வந்த 1878 ஆயுதச் சட்டம், தோட்டாவையும் அதைச் செய்யும் இயந்திரத்தையும் கட்டுக்குள் கொண்டுவந்தபோது, ஈயம், கந்தகம், வெடியுப்பு மூன்றையும் அந்த வரையறையிலிருந்து விலக்கியது; தேவைப்பட்டால் அவற்றையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. வேறு வேலைகளுக்கான ஈயத்துக்கும் குண்டு ஈயத்துக்கும் நடுவே கோடு கிழிப்பது எவ்வளவு கடினம் என்பதை ஆட்சியாளர்கள் உணர்ந்திருந்தார்கள்.

1882இல் சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின் ஈயத்துக்குச் செம்பு உறை போட்டார். புகையில்லா மருந்தின் வேகத்தை வெற்று ஈயம் தாங்காததால் படைகள் அந்த உறைக்கு மாறின. இன்று பெரம்பலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் திருச்சியில் 1960களில் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. டாங்கிக் குண்டுகளுக்கு ஈயத்தைவிட மிகக் கனமான டங்ஸ்டன் கலப்புலோக ஊடுருவிகளைச் செய்யும் தொழிற்சாலையும் அங்கேயே இருக்கிறது. போரிலிருந்து வெற்று ஈயம் வெளியேறிவிட்டது. ஆனால் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் அது இன்றும் அரசாள்கிறது. பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனத்தின் விதி, பிஸ்டல் போட்டிகளில் ஈயத்தாலோ அதைப் போன்ற மென்பொருளாலோ ஆன குண்டுகளை மட்டுமே அனுமதிக்கிறது. 2006 தோகா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டலில் 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது இந்த விதி நடைமுறையில் இருந்த விளையாட்டில்தான்.

தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் குறிப் பிஸ்டலுக்கு வார்த்த ஈயக்குண்டைத் தேர்ந்தெடுப்பவர் எதிர்கொள்ளும் கேள்விகள் ராபின்ஸின் கேள்விகளே. குண்டு குழலின் புரி விட்டத்தைவிட மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். சிறியதானால் பக்கவாட்டில் கசியும் சூடான வாயு ஈயத்தை உருக்கிக் குழலில் பூசிவிடும். கடினமான குண்டு என்றால் நல்ல குண்டு என்று நினைப்பதும் தவறு. குறைந்த அழுத்தத்தில் சுடும் குறிப் பிஸ்டலில் மிகக் கடினமான குண்டு விரியாமல் நின்று, அதே கசிவை உண்டாக்கும். அதனால்தான் ஈயத்தோடு ஆன்டிமணியும் வெள்ளீயமும் எவ்வளவு சேர்ப்பது என்பது பெரிய விவாதமாகிறது. அச்சு எழுத்து வார்க்கப் பயன்பட்ட உலோகக் கலவையும் இந்த மூன்றின் கூட்டுதான்.  குண்டின் வடிவமும் முக்கியம். தட்டையான முகம் உடைய குண்டு காகிதத்தில் சுத்தமான வட்டத் துளை வெட்டும். புள்ளி எண்ணுவது எளிது. ஆனால் தட்டை முகம் தோட்டாப் பெட்டியிலிருந்து குழலுக்கு ஏறும்போது இடித்து நின்றுவிடலாம். எனவே .32 தோட்டாவில் குண்டை உறையின் விளிம்போடு உள்ளே அமர்த்துகிறார்கள்; .45இல் தோள் வைத்த கூம்பு வடிவத்தைத் தேர்கிறார்கள்.

இவை எல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நம் மாவட்டத்து வரலாற்றோடு இதைக் கோப்பது வலிந்த முயற்சி என்று ஒரு மறுப்பு வரலாம். விளையாட்டுத் துப்பாக்கி எட்டாத விலை என்பது உண்மை. உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது இங்கே குற்றம் என்பதும் உண்மை. ஈயம் நஞ்சு என்ற மறுப்பு இன்னும் வலுவானது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரியிலிருந்து நீர்நிலைப் பகுதிகளில் ஈய ரவை சுடுவதைத் தடை செய்துவிட்டது. ஈயம் உருக்கும் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். இந்த மரபை உயிர்ப்பிக்க வேண்டும் என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. ஆனால் ஒரு பொருளைக் கைவிடுவது வேறு, அதை அறியாமல் இருப்பது வேறு. நாட்டுத் துப்பாக்கிக்காரனும் ஒலிம்பிக் வீரனும் கேட்ட கேள்வி ஒன்றே என்பதை ஏற்றுக்கொண்டால், அறிவு எப்போதும் தொழிற்சாலையிலிருந்து கிராமத்துக்கு இறங்கியது என்ற நம் வழக்கமான நினைப்பு மாறும். ரஞ்சன்குடியையும் வாலிகண்டபுரத்தையும் பற்றி எழுதுபவர்கள் இனி கோட்டை மதிலின் உயரத்தோடு, அந்த மண்ணில் கிடைக்கும் ஒவ்வொரு ஈயக்குண்டின் விட்டத்தையும் எடையையும் கலவையையும் பதிவு செய்ய வேண்டும். யார் சுட்டார்கள், எதை நம்பிச் சுட்டார்கள் என்பதற்கு அதைவிட நேரான சாட்சி வேறு கிடைக்காது.