கையெழுத்துக்குக் காத்திருந்த பெண்கள்

அமெரிக்காவில் உரிமம் பெற்ற ஆர்க்கிடெக்ட் ஆக மூன்று வாசல்களைக் கடக்க வேண்டும்: கல்லூரி, அலுவலகப் பயிற்சி, தேர்வு. கல்லூரிக்குள் நுழைந்த பெண்களை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. தேர்வில் வென்ற ‘முதல் பெண்’களையும் நாம் கொண்டாடுகிறோம். நடுவில் இருக்கும் பயிற்சி வாசலைப் பற்றிய பேச்சுதான் குறைவு. அந்த வாசலைத் திறப்பதும் அடைப்பதும் வேலை கொடுப்பவரின் விருப்பமாக இருந்தது.

தொடக்கத்தில் அலுவலகமே பள்ளிக்கூடமாக இருந்தது. லூயிஸ் பெத்யூன் 1876-இல் பஃபலோ நகரில் ரிச்சர்ட் வெய்ட் என்பவரின் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தொழில் கற்று, 1881-இல் சொந்த அலுவலகம் திறந்தார். 1888-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார். அவர் தொழிலுக்கு வந்தபோது உரிமச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால், ஒரு பெண்ணை மேசையில் உட்காரவைத்துக் கற்றுத்தர யாரோ ஒருவர் சம்மதிக்க வேண்டியிருந்தது.

முதல் உரிமச் சட்டத்தை 1897-இல் இல்லினாய்ஸ் மாநிலம் கொண்டுவந்தது. மறு ஆண்டே அங்கு உரிமம் பெற்றவர் மேரியன் மஹோனி. எம்.ஐ.டி.யில் 1894-இல் பட்டம் பெற்ற அவருக்கு முதல் வேலை கொடுத்தவர் ட்வைட் பெர்கின்ஸ், மஹோனியின் உறவினர். பட்டம் இருந்தும் உறவின் வழியாகத்தான் கதவு திறந்தது. உறவுக்காரர் யாரும் தொழிலில் இல்லாத பெண் எங்கே போவாள்?

இந்தக் கேள்விக்கு விடை நார்மா ஸ்க்லாரெக்கின் வாழ்க்கையில் இருக்கிறது. ஹார்லெமில் 1926-இல் பிறந்த கறுப்பினப் பெண். 1950-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பட்டம் பெற்றார். வேலை கேட்டு ஏறி இறங்கிய 19 நிறுவனங்களும் கைவிரித்துவிட்டன. நிறமா, பெண் என்பதா, எது தடை என்று பிரித்துச் சொல்ல முடியாத மறுப்பு அது. கடைசியில் நியூயார்க் நகரப் பொதுப்பணித் துறையில் இளநிலை வரைவாளர் வேலை கிடைத்தது. 1954-இல் உரிமத் தேர்வை முதல் முயற்சியிலேயே வென்றார். நியூயார்க்கில் உரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். 1962-இல் கலிஃபோர்னியாவிலும் அதே இடம் அவருக்குக் கிடைத்தது.

அவருடைய திறமையில் ஐயம் இருந்திருந்தால் தேர்வு அதைக் காட்டிக்கொடுத்திருக்கும். தேர்வு அவரைத் தேர்ந்தெடுத்தது. 19 அலுவலகங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், தகுதி என்ற சொல் எத்தனை வசதியான திரை என்பது புரியும். ஸ்க்லாரெக் பின்னாளில் இளைய தலைமுறையினரை உரிமத் தேர்வுக்குத் தயார்செய்தார். தனக்குக் கிடைக்காததை அடுத்தவருக்குக் கொடுத்த செயல் அது.

பயிற்சிக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று 1976-இல் அங்கு தனித் திட்டம் வந்தது. இன்று அதன்படி ஆறு பிரிவுகளில் 3,740 மணிநேர அனுபவத்தைக் கணக்குக் காட்ட வேண்டும். எதைக் கற்றுத்தர வேண்டும் என்பது எழுத்தில் வந்தது பெண்களுக்கு நல்லதே. ஆண்டுக்கணக்கில் ஒரே மூலையில் உட்காரவைத்து நகல் வரையச் சொன்னால், பட்டியலில் நிரம்பாத கட்டங்கள் அதைச் சொல்லிவிடும். ஆனாலும் அந்த மணிநேரங்களை ஏற்று ஒப்பமிடுபவர் மேற்பார்வையாளர். எந்த வேலையை யாருக்குக் கொடுப்பது, கட்டுமான இடத்துக்கு யாரை அழைத்துப் போவது என்பதெல்லாம் இன்றும் அலுவலகத்துக்குள் முடிவாகிறது.

நம் நாட்டில் வழி வேறு. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஐந்தாண்டுப் படிப்பை முடித்தவர் கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்கிறார். செய்முறைப் பயிற்சி படிப்புக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆகவே அந்த வாசல் இங்கே இன்னும் இளைய வயதில், மாணவியாக இருக்கும்போதே எதிரே வந்து நிற்கிறது. வெளியூரில் தங்க இடம், இரவு திரும்பும் பேருந்து, உதவித்தொகை உண்டா இல்லையா என்பவை பாடத்திட்டத்தில் இடம்பெறாத நிபந்தனைகள்.

பட்டமளிப்பு விழாவில் எத்தனை பெண்கள் என்று எண்ணுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. பயிற்சிக்கு விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், யாருக்கு மறுப்பு வந்தது, சேர்ந்தவர்களுக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அந்த 19 மறுப்புகள் பதிவானதால்தான் ஸ்க்லாரெக்கின் வெற்றியோடு அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியும் நமக்குத் தெரிகிறது.